கைடு சாரைப் பிடிக்கவே முடியவில்லை, என்ன செய்வது?

தேரடிப்பையன்

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டர். வடசென்னையில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். வீடு திருவொற்றியூர்.

எங்கள் பக்கத்து நிலத்தடி நீர்தான் புராஜெக்ட். எர்ணாவூர், கத்திவாக்கம், மணலி என்று அடிபம்பிலும் போர்வெல்லிலும் தண்ணீர் பிடித்து வந்து கடினத்தன்மை, குளோரைடு, டிடிஎஸ் (கரைந்த மொத்தத் திடப்பொருள்) எல்லாம் பார்த்தாகிவிட்டது. எழுதுவதும் முக்கால்வாசி முடிந்தது. கைடு சார் ஒரு தடவை படித்துச் சொன்னால் திருத்தி பைண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம். சான்றிதழ் பக்கத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும்.

சார்தான் சிக்கமாட்டேன் என்கிறார். பொங்கல் லீவுக்கு முன்னால் மூன்றாம் அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. போன் எடுப்பதில்லை. ஸ்டாஃப் ரூமுக்குப் போனால் "இப்பதான் வெளியே போனார்" என்பார்கள். காரிடாரில் எதிரே வந்தால் "நாளைக்கு வாப்பா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்.

நல்ல மனிதர். அவர் வகுப்பில் மணி அடித்ததே தெரியாது. அதனால் கோபப்படவும் முடியவில்லை. துறைத் தலைவரான எச்ஓடி மேடத்திடம் போகலாம் என்றால், போட்டுக்கொடுத்தவன் என்று பெயர் வந்துவிடும். இன்டர்னலும் வைவாவும் அவர் கையில். மார்ச் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும். இப்படி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

காசிமேட்டுக்காரன்

தம்பி, முதலில் உங்கள் டிபார்ட்மென்ட் அட்டெண்டர் அண்ணனோடு ஒரு டீ குடி. எந்த சார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார், யார் இன்றைக்குக் கடுப்பில் இருக்கிறார், யார் பிரின்சிபால் ரூமில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எச்ஓடிக்கே தெரியாது.

அடுத்தது, ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்காதே. அங்கே போனால் நீ பத்தோடு பதினொன்று. துறை போர்டில் டைம்டேபிள் ஒட்டியிருக்கும், போட்டோ எடுத்துக்கொள். அவர் வகுப்பு முடிந்து வெளியே வருகிற வாசலில் நில். வகுப்பிலிருந்து ஸ்டாஃப் ரூம் வரை நடக்கிற நேரம் இருக்கிறதே, அதில் அவரால் எங்கேயும் தப்ப முடியாது.

என் சார் தாம்பரத்திலிருந்து வருகிறவர். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் பீச் ஸ்டேஷன் வண்டியைப் பிடிக்க ஓடுவார். நானும் கூடவே ஓடுவேன். என் பி.காம். புராஜெக்ட் பாதி அந்த ஓட்டத்தில்தான் முடிந்தது. இப்போது ஹார்பரில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிறேன். பாக்கி வைத்த போட்டுக்காரரைப் பிடிப்பதை விட பேராசிரியரைப் பிடிப்பது சுலபம்.

சாக்பீஸ்

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். உங்கள் சாரைக் காப்பாற்ற வரவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் தலையில் என்னென்ன விழும் என்று தெரிந்தால், எப்போது போகலாம் என்பது உங்களுக்கே புரியும்.

விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து வந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடும். பிராக்டிகலுக்கு வேறு கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராகப் போக வேண்டும். என்எஸ்எஸ் பொறுப்பு இருந்தால் ஏழு நாள் முகாம். கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிற வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம், ஐந்து வருஷத்துக் காகிதத்தைத் தேடி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்போம். தேர்தல் வந்தால் அந்தப் பயிற்சி வேறு.

இதற்கு நடுவில் போன். வகுப்புக்கு ஒரு குழு, துறைக்கு ஒன்று, தேர்வுப் பிரிவுக்கு ஒன்று. அதில் ஒரு மாணவனிடமிருந்து "சார்" என்று ஒற்றை வார்த்தை வந்து நிற்கும். அரை மணி கழித்து "குட் ஈவ்னிங் சார்". மறுநாள் "சார் பாத்தீங்களா சார்". இதில் எதற்கு பதில் சொல்வது?

தேரடிப்பையன், நீங்கள் என்ன அனுப்பினீர்கள் என்று அப்படியே இங்கே போடுங்கள்.

தேரடிப்பையன்

போடுகிறேன்:

"குட்மார்னிங் சார். சாப்டர் 3 அனுப்பியிருக்கேன் சார். கரெக்‌ஷன் இருந்தா சொல்லுங்க சார். நன்றி சார்."

கூடவே பிடிஎஃப். நாற்பது பக்கம் போல இருக்கும். ஃபைல் பெயர் "சாப்டர் 3 ஃபைனல் நியூ". மரியாதையாகத்தானே கேட்டிருக்கிறேன்? இதில் என்ன குறை?

சாக்பீஸ்

மரியாதையில் குறையே இல்லை, நான்கு சார் இருக்கிறது. ஆனால் நீங்கள் யார், எந்த வகுப்பு, எந்தத் தலைப்பு என்று எங்கேயும் இல்லை. உங்கள் நம்பரை அவர் பதிந்து வைத்திருக்கிறாரா என்பது சந்தேகம். டிபியில் உங்கள் முகம்தான் இருக்கிறதா, இல்லை பைக்கா?

அதைவிடப் பெரிய சிக்கல் "கரெக்‌ஷன் இருந்தா சொல்லுங்க" என்பது. அதற்கு பதில் சொல்ல வேண்டுமென்றால் நாற்பது பக்கத்தையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அந்த ஞாயிறு வரட்டும் என்று தள்ளி வைப்பார், அது வராது. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு வரியில் பதில் தட்ட முடிகிற கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு நிஜமாகவே சந்தேகம் எங்கே இருக்கிறது?

தேரடிப்பையன்

ஒரு இடம் இருக்கிறது. எர்ணாவூரில் எடுத்த சில மாதிரிகளில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டுகிறது, ஆனால் 1000-க்குள் இருக்கிறது. குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் ஏற்கத்தக்க வரம்பு 250 என்றும், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் அனுமதிக்கிற உச்சம் 1000 என்றும் போட்டிருக்கிறது. அப்படியானால் குடிக்கலாம் என்று எழுதுவதா, கூடாது என்று எழுதுவதா? கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று எழுதலாமா? இதுதான் குழப்பம்.

சாக்பீஸ்

இவ்வளவு நல்ல கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டா "கரெக்‌ஷன் இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினீர்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு இன்னார், எண்ணூர்ப் பக்க நிலத்தடி நீர் புராஜெக்ட். எர்ணாவூர் மாதிரிகள் சிலவற்றில் குளோரைடு 250-க்கு மேல், 1000-க்குள் வருகிறது. 'ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டியது, அனுமதிக்கும் உச்சத்துக்குள் உள்ளது' என்று எழுதிவிடவா சார்? அந்த அட்டவணையை மட்டும் படமாக வைத்திருக்கிறேன். வியாழன் இரண்டாம் ஹவர் உங்கள் வகுப்பு முடிந்ததும் மூன்றாம் அத்தியாயத்தின் அச்சுப்பிரதியோடு வாசலில் இருக்கிறேன்."

பெயரும் தலைப்பும் முதல் வரியிலேயே வந்துவிட்டன. நீங்களே ஒரு விடையை எழுதி, சரியா என்று மட்டும் கேட்கிறீர்கள். கட்டைவிரல் ஒன்றைத் தட்டினாலும் உங்களுக்குப் பதில்தான். "எப்ப ஃப்ரீ சார்?" என்று கேட்டிருந்தால் அவர் டைரியைத் திறக்க வேண்டும். இதில் அந்த வேலையும் இல்லை. வேண்டாமென்றால் மட்டும் "வியாழன் வராதே" என்று எழுதுவார்.

வாய்ஸ் நோட் மட்டும் அனுப்பாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் நாலு பேருக்கு நடுவில் அதை யாரும் போட்டுக் கேட்கமாட்டார்கள்.

மணியடித்தபின்

நான் ஓய்வு பெற்ற பேராசிரியன், வேதியியல்தான். கொளத்தூர்வாசி. சாக்பீஸ் சொன்னது சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். ஆசிரியர்கள் இதை வெளியே சொல்லமாட்டார்கள்.

பதில் சொல்லாமல் ஒளிகிறவர்களில் பலருக்கு உங்கள் மேல் வெறுப்பு கிடையாது, வெட்கம். முதல் வாரம் நிஜமாகவே நேரமிருக்காது. இரண்டாம் வாரம் மறந்துபோகும். மூன்றாம் வாரம் நினைவு வரும்போது "இவ்வளவு நாள் படிக்காமல் இப்போது என்ன முகத்தோடு பேசுவது, முதலில் படித்துவிடுவோம்" என்று தோன்றும். படிக்கவும் நேரம் கிடைக்காது. அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பத் தோன்றும். வட்டிக்கு வாங்கியவன் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரிதான். நீங்கள் "சார் பாத்தீங்களா" என்று கேட்கக் கேட்கக் கடன் ஏறுகிறது, அவர் இன்னும் தூரமாகப் போகிறார்.

அதனால் பழைய கணக்கைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். "போன மாதம் அனுப்பியதை விட்டுவிடுங்கள் சார், அதைத் திருத்திவிட்டேன், இந்தப் புதுப் பிரதியில் நான்கு பக்கம் மட்டும் பார்த்தால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் முகம் மாறுவது தெரியும்.

இன்னொன்று, திரையில் நாற்பது பக்கம் படிக்க என் வயதுக்காரர்களுக்குக் கண் ஒத்துழைக்காது. அச்செடுங்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு, ஓரத்தில் எழுத வசதியாக. ஸ்பைரல் போடாதீர்கள், கிளிப் போதும். ஸ்பைரல் போட்டால் முடிந்த வேலை மாதிரி இருக்கும், பேனா வைக்க மனசு வராது. சந்தேகமான இடத்தில் பென்சிலால் ஓரக்கோடு. மேலே ஒரு துண்டுத்தாளில் பெயர், தலைப்பு, போன் நம்பர், பார்க்க வேண்டிய பக்க எண்கள். மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள், அது நாக் ஃபைலுக்கு அடியில் போய்விடும். கையில் கொடுங்கள்.

கடல் நீர் விஷயம்: குளோரைடு ஒன்றை மட்டும் வைத்து அதை எழுதினால் வைவாவில் எக்ஸ்டர்னல் உங்களைச் சும்மா விடமாட்டார். கார்பனேட், பைகார்பனேட் பார்த்திருந்தால் அவற்றுக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதத்தைப் போடுங்கள். பார்க்கவில்லை என்றால் "வாய்ப்பு உண்டு" என்ற அளவில் நிறுத்துங்கள். மீஞ்சூர்ப் பக்கம் 1960-களின் கடைசியிலிருந்தே கடல் நீர் உட்புகுந்தது பதிவாகியிருக்கிறது, அதை முந்தைய ஆய்வுகள் பகுதியில் சேருங்கள்.

வியாசை_வினோத்

இவ்வளவு எதுக்கு? ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு சார் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதானே. வீட்டம்மாவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தால் கையெழுத்து போடாமல் அனுப்புவாரா?

மேகலா_எம்கேபி

வினோத் அண்ணா, இது எல்லோருக்கும் சொல்கிற யோசனை கிடையாது. பெண் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பார்கள். சார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வீட்டுக்குத் தனியாகப் போவதில்லை, ராத்திரியில் போன் செய்வதில்லை என்று எங்கள் பேட்ச்சில் நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம். லேபில், துறையில், கதவு திறந்திருக்கிற இடத்தில் பார்ப்போம், கூட ஒருத்தி இருப்பாள். சார்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

"வீட்டுக்கு வந்து வாங்கிக்கோ" என்று அவரே கூப்பிட்டாலும் "துறையிலேயே வாங்கிக்கொள்கிறேன் சார்" என்று எழுத்தில் பதில் போடலாம், தப்பில்லை. அதற்கு மேலும் ஏதாவது உறுத்தினால் அது கைடு கிடைக்காத பிரச்சனை கிடையாது. அதற்குக் கல்லூரியில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும், 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி கட்டாயம்.

ஆப்பிள் வேறு எதற்கு? வாங்கிப் போனால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளும் வாங்கிப் போக வேண்டிவரும்.

வியாசை_வினோத்

ஆப்பிள் வாபஸ்.

பெரம்பூர்_ஸ்காலர்

எல்லோரும் சாருக்கு எப்படி வசதி செய்து கொடுப்பது என்றே பேசுகிறீர்கள். நான் பிஎச்.டி. செய்கிறேன், என் அனுபவம் வேறு. மெசேஜை எவ்வளவு அழகாக எழுதினாலும் பதில் போடாத ஆட்கள் உண்டு. அங்கே போய் மாணவனையே திருத்திக்கொண்டிருந்தால் எப்படி?

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி முழுநேர ஆசிரியருக்கு வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாத வேலை, வருஷத்துக்கு 30 வாரம். அதில் நேரடியாகப் பாடம் நடத்துவது உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. தினமும் குறைந்தது 5 மணி நேரம் கல்லூரியில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மிச்ச நேரம் நம்மை மாதிரி ஆட்களுக்கும் சேர்த்துத்தான். புராஜெக்டைப் படிப்பது சார் செய்கிற உபகாரம் கிடையாது, அவருடைய வேலை.

பிஎச்.டி.க்கு 2022 விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. செமஸ்டருக்கு ஒரு தடவை ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் நின்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். கைடு கண்ணில் படாமல் போனாலும் அந்தக் குழுவில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பார்கள். எம்.எஸ்சி.க்கு அப்படி எதுவும் இல்லை, அதுதான் இந்தத் தம்பியின் கஷ்டம்.

மாணவர் குறைதீர்ப்புக்கு 2023-இல் யுஜிசி தனி விதிமுறையே கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஒம்பட்ஸ்பர்சன் எனும் குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு, அவர் 30 நாளில் முடிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

காசிமேட்டுக்காரன்

அக்கா, சட்டமெல்லாம் கரெக்ட். ஆனா 15 நாள், 15 நாள், 30 நாள் என்று கூட்டிப் பாருங்கள், தம்பியின் மார்ச் முடிந்து மே வந்துவிடும். கேஸ் ஜெயித்து அரியர் வைப்பதா?

பெரம்பூர்_ஸ்காலர்

நாளைக்கே புகார் கொடு என்று நான் சொல்லவில்லை. நடுவில் படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்கிறேன். நேரில் "நாளைக்கு வாப்பா" என்று சொன்னால் அன்றைக்கே ஒரு மெசேஜ்: "இன்று உங்களைப் பார்த்தேன் சார், நாளை வரச் சொன்னீர்கள், மூன்றாம் ஹவர் வருகிறேன்." சண்டைக்காக இல்லை. அவருக்கும் நினைவிருக்கும். பின்னால் "பையன் என்னை வந்து பார்க்கவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. என் ஜூனியர் ஒருத்திக்கு அப்படித்தான் சொன்னார்கள், அவளிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

முதல் மெசேஜிலேயே விதி எண் போடுவது முட்டாள்தனம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

மணியடித்தபின்

எச்ஓடியிடம் போவதைப் பற்றி: நான் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். "சார் என்னைப் பார்க்கமாட்டேன் என்கிறார்" என்று வருகிறவனை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது; நான் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவர் முறைப்பார், பையன் மாட்டிக்கொள்வான். "மேடம், சமர்ப்பிக்கும் தேதி நெருங்குகிறது, சார் தேர்வு வேலையில் இருக்கிறார், மூன்றாம் அத்தியாயத்தை அதுவரை வேறு யாரிடமாவது காட்டலாமா?" என்று கேளுங்கள். இதில் புகாரே இல்லை. எச்ஓடி அந்த ஆசிரியரிடம் "உன் பையன் வந்தான், நான் பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்பார். அடுத்த நாள் சார் உங்களைத் தேடுவார். இன்னொருவர் பேனா தன் மாணவன் தாளில் விழுவதை எந்த கைடும் விரும்புவதில்லை.

அதற்கு முன் சாரிடமே சொல்லிவிடுங்கள், "தேதி நெருங்குவதால் மேடத்திடம் கேட்கலாமா சார்?" என்று. முதுகுக்குப் பின்னால் போனதாக ஆகாது.

ராயபுரம்_அம்மா

என் பெண்ணுக்கும் இதே தொல்லை. அவள் வாயைத் திறக்கமாட்டாள். நான் ஒருமுறை காலேஜுக்கு வந்து அந்த மேடத்தைப் பார்க்கலாமா? பள்ளிக்கூடத்தில் எல்லாம் நான்தான் போய்ப் பேசுவேன்.

மேகலா_எம்கேபி

வேண்டாம் அம்மா. ஃபீஸ், உடம்பு சரியில்லை, அட்டெண்டன்ஸ் குறைகிறது என்றால் நீங்கள் போகலாம், அது வேறு. புராஜெக்ட் விஷயத்தில் அம்மா வந்து நின்றால் மேடம் உங்களிடம் நல்லபடியாகப் பேசி அனுப்பிவிட்டு அவளிடம் "அம்மாவைக் கூட்டிட்டு வர்ற வயசா?" என்பார். மேடத்திடம் என்ன கேட்க வேண்டும் என்று ராத்திரி அவளை உங்களிடம் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். நான் என் அத்தையிடம் அப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அத்தைக்கு வேதியியல் தெரியாது, அதனாலேயே எனக்குத் தெளிவாகச் சொல்ல வந்தது.

தேரடிப்பையன்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சாக்பீஸ் சார் எழுதிக் கொடுத்ததை லேசாக மாற்றி அனுப்பினேன். அன்றைக்குப் பதில் இல்லை. வியாழன் வாசலில் நின்றேன். சார் வெளியே வந்தார், என்னைப் பார்த்ததும் "குளோரைடு தானே?" என்றார்! மெசேஜைப் படித்திருக்கிறார். மணியடித்தபின் ஐயா சொன்ன மாதிரி "பழசை விட்டுடுங்க சார், இந்த நாலு பக்கம் மட்டும்" என்றேன். அப்படியே நின்று, லேப் ஜன்னல் கட்டையில் தாளை வைத்து, என் பேனாவை வாங்கிக் கோடு போட ஆரம்பித்தார். அட்டவணை மூன்றில் அலகு விட்டுப்போயிருக்கிறது என்றார். குளோரைடு பார்க்கிற வெள்ளி நைட்ரேட் டைட்ரேஷனில் பிளாங்க் (மாதிரிக்குப் பதில் சுத்த நீரை வைத்துச் செய்கிற ஒப்பீடு) எடுத்தாயா என்று கேட்டார். எடுத்திருந்தேன், ஆனால் எழுதவில்லை. "செஞ்சதை எழுதாம விட்டா செய்யாத மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, பேனாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்ச பக்கங்கள் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. இன்றைக்கு மெசேஜ் போட்டேன், மறுபடியும் நீல டிக். அடுத்த வியாழனும் வாசலில் நிற்கப்போகிறேன். அதற்குள் நகரவில்லையென்றால் மேடத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

பெரம்பூர்_ஸ்காலர்

வியாழன் பேசியதை அன்றைக்கே மெசேஜில் எழுதிப் போட்டாயா தம்பி? அலகு, பிளாங்க் இரண்டையும்?

தேரடிப்பையன்

இல்லை அக்கா. இதோ போடுகிறேன்.

காசிமேட்டுக்காரன்

அடுத்த வாட்டி ரெண்டு பேனா எடுத்துட்டு போ.

தங்கசாலை_23

இழைக்குள் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும், பக்கத்து விஷயம்தான். வெளிநாட்டு எம்.எஸ். விண்ணப்பத்துக்கு மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒரு சாரிடம் கேட்டேன், "நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடறேன்" என்கிறார். பல்கலைக்கழகமோ அவருடைய கல்லூரி மெயிலுக்குத்தான் லிங்க் அனுப்புமாம். அந்த மெயிலைத் திறந்தே வருஷக்கணக்காகிறதாம்.

சாக்பீஸ்

முதலில் மெயில். கல்லூரி அலுவலகத்தில் மெயில் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருப்பார், பாஸ்வேர்டை அவர்தான் மாற்றித் தர முடியும். சாரை அனுப்பாதீர்கள், போகமாட்டார். சாரிடம் ஒரு வரிக் கோரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீங்கள் போங்கள். புதுப் பாஸ்வேர்டைச் சாரே போடட்டும், உங்களுக்குத் தெரிய வேண்டாம். லிங்க் ஸ்பாம் பெட்டியில் விழும், அனுப்பிய அன்றே "ஸ்பாமிலும் பாருங்கள் சார்" என்று சொல்லுங்கள்.

கடிதத்தை நீங்களே எழுதாதீர்கள். மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதியது மாதிரி இருந்தால் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன மார்க், எந்த செமினாரில் என்ன பேசினீர்கள், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி என்ன. மார்க் ஷீட் நகலும் வைத்துவிடுங்கள். அந்தப் பக்கம் கையில் இருந்தால் சாரே எழுதிவிடுவார்.

கடைசித் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். சாரிடம் சொல்லும் தேதியை இரண்டு நாள் முன்தள்ளிச் சொல்லுங்கள். இதை ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார் என்று வெளியே சொல்ல வேண்டாம்.

தங்கசாலை_23

நன்றி சார். கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை.

சாக்பீஸ்

அப்படியென்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். நாளைக் காலை முதல் ஹவருக்கு முன்னால் அந்த ஒரு பக்கக் குறிப்போடு வாசலில் நில்லுங்கள். தங்கசாலையில் ஏழு மணிக்கே கடை திறக்கிற ஜெராக்ஸ்காரர் யாராவது இருப்பார்.